புதிதாக வந்த நாய்க்கு வயிறு ஏன் போகிறது?

தத்தெடுத்து வந்த மூன்றாம் நாள் விடிகாலையில், தண்டையார்பேட்டையில் எங்கள் இரண்டாம் மாடி வீட்டுக் கூடம் முழுக்க வட்ட வட்டமாகத் தண்ணியாகப் போய்வைத்திருந்தான் மணி. பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். எங்கள் தெருவில் நின்று "மணி" என்று ஒரு சத்தம் போட்டால் இரண்டு நாயும் மூன்று மனிதரும் திரும்பிப் பார்ப்பார்கள். காப்பகத்திலிருந்து வரும்போதே அந்தப் பெயரோடுதான் வந்தான். நாட்டு நாய், ஒன்றரை வயது, 12 கிலோ. அன்றைக்குக் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டு, தப்பு செய்தவன் மாதிரி பார்த்தான்.

அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் வீட்டிலும் மாடிப்படியிலுமாக நாலு வைத்தியம் வந்து சேர்ந்தது. மாமியார் தயிர்சாதம் என்றார். "வவுறு காலியா கெடந்தா எப்டிம்மா ஆறும்? ஒரு வாய் பெசஞ்சு வை." கீழ்வீட்டு அண்ணன், "பால் ஊத்தும்மா, தெம்பு வரும்" என்றார். சிக்கன் கடை பாய், விஷயம் கேள்விப்பட்டு ஒரு பை நிறையக் கழுத்தும் தோலும் கொடுத்தனுப்பினார், காசு வாங்கவில்லை. மருந்துக்கடைத் தம்பி, மனிதர்களுக்குத் தரும் பேதி மாத்திரையில் பாதியை உடைத்துப் போடச் சொன்னான். எல்லாம் பிரியத்தில் சொன்னதுதான். நானும் பிரியத்தில் மாத்திரையைத் தவிர மற்ற மூன்றையும் ஒரே பகலில் செய்து முடித்தேன். சாயந்திரம் மலத்தில் சளியும் மெல்லிய ரத்தக்கோடும் தெரிந்தது.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "மூணு நாள்ல என்னென்ன குடுத்தீங்க?" நான் விரல் விட்டு எண்ணினேன். காப்பகத்தில் தின்ற சோறு, நாங்கள் வாங்கிய டிரை ஃபுட், பொறை பிஸ்கட், தயிர்சாதம், பால், கோழிக்கழுத்து, குழந்தை ஊட்டிய முட்டை தோசை. எட்டாவதைச் சொல்வதற்குள் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இவனுக்கு நோய் இல்லம்மா, விருந்து."

அந்த ஒரு வாக்கியத்தை விரித்துச் சொல்வதுதான் இந்தக் கட்டுரை. புது நாய் வந்த வீட்டில் வயிறு போவது மிகச் சாதாரணம். அது பெரும்பாலும் கெட்ட சாப்பாட்டால் வருவதில்லை, மாறிய சாப்பாட்டாலும் மாறிய வாழ்க்கையாலும் வருகிறது. அந்த நேரத்தில் நாம் இன்னும் நாலு மாற்றத்தைச் சேர்த்துவிடுகிறோம்.

குடலுக்குள் நடப்பது

நாய் தின்றது முதலில் இரைப்பைக்குப் போகிறது. அங்கே கடுமையான அமிலம். பிறகு சிறுகுடல். கணையத்திலிருந்து வரும் நொதிகளும் பித்தநீரும் சேர்ந்து மாவையும் புரதத்தையும் கொழுப்பையும் துண்டு துண்டாக்கி உடம்புக்குள் அனுப்புவது அந்த இடத்தில்தான். மிச்சம் பெருங்குடலுக்கு வரும். பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு, மலத்தை உருட்டித் தருகிறது. அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அந்தக் கூட்டம் நாய் தினமும் என்ன தின்கிறதோ அதற்கு ஏற்ற மாதிரி அமைந்துகொள்ளும். சோறு தின்னும் நாய்க்குள் ஒரு மாதிரி, கறி அதிகம் தின்னும் நாய்க்குள் வேறு மாதிரி.

திடீரென்று சாப்பாடு மாறினால் இரண்டு இடத்தில் இடிக்கும். சிறுகுடலின் நொதி அளவு புதுச் சாப்பாட்டுக்கு இன்னும் சரிப்பட்டிருக்காது. ஆகவே பாதி செரித்த உணவு அப்படியே பெருங்குடலுக்கு இறங்கிவிடும். செரிக்காத சர்க்கரையும் மாவும் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும் குணம் கொண்டவை. உறிஞ்சப்பட வேண்டிய தண்ணீர் குடலிலேயே தங்கிவிடுகிறது. அதோடு, நுண்ணுயிர்க் கூட்டமும் புதுத் தீனியைப் புளிக்கவைத்துக் காற்றையும் அமிலத்தையும் உண்டாக்குகிறது. வயிறு கடமுட, நாற்றம், தண்ணியான மலம். அந்தக் கூட்டம் புதுச் சாப்பாட்டுக்குத் தன்னை மாற்றிக்கொள்ளச் சில நாட்கள் ஆகும். நாய்ச் சாப்பாட்டை மாற்ற 7 முதல் 10 நாள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எல்லா டாக்டரும் சொல்வது இதனால்தான்.

பால் இதற்கு நல்ல உதாரணம். குட்டியாக இருக்கும்போது தாய்ப்பாலின் லாக்டோஸ் சர்க்கரையை உடைக்க ஒரு நொதி இருக்கும். தாய்ப்பால் மறந்த பிறகு அது குறைந்துவிடும். வளர்ந்த நாய்க்கு அரை டம்ளர் பால் ஊற்றினால், உடைபடாத லாக்டோஸ் அப்படியே கீழே இறங்கித் தண்ணீரை இழுக்கும். பாலைத் தயிராக உறையவைத்த நுண்ணுயிர்கள் லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்றுவிட்டிருப்பதால், ஒரு ஸ்பூன் இரண்டு ஸ்பூன் பல நாய்களுக்கு ஒத்துக்கொள்ளும். மாமியாருக்காக இதை அழுத்திச் சொல்கிறேன்: தயிர் குற்றவாளி இல்லை, வயிறு போகும் நாளில் முதன்முறையாக ஒரு கிண்ணம் தயிர் கொடுத்ததுதான் குற்றம்.

சோறு நாய்க்குச் சேராது, ஓநாய் பரம்பரை, பச்சைக் கறிதான் கொடுக்க வேண்டும் என்று இப்போது நிறையப் பேர் சொல்கிறார்கள். மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணுப் பிரதிகள் ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு அதிகம் என்று 2013-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. மனிதனோடு வாழ்ந்து மனிதன் போட்ட சோற்றைத் தின்றே உருவான பிராணி அது. நன்றாக வெந்த சோறு அதற்குச் செரிக்கும்.

இனி இரண்டாவது காரணம், பயம். பரீட்சை அன்று காலையில் நமக்கு வயிறு கலக்கும் இல்லையா, அதேதான். பயந்த நாயின் உடம்பில் சுரக்கும் ஹார்மோன்கள் பெருங்குடலை வேகமாகத் தள்ளவைக்கின்றன. தண்ணீரை உறிஞ்ச நேரம் கிடைப்பதில்லை, குடல் சுவர் எரிச்சலில் சளியைச் சுரக்கிறது. மணி வந்த இடத்தை நினைத்துப் பாருங்கள். காப்பகத்தின் குரைப்புச் சத்தத்திலிருந்து, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ராத்திரியெல்லாம் அதிரும் ஒரு தெருவுக்கு. தூரத்தில் கொருக்குப்பேட்டை கூட்ஸ் வண்டி. இரண்டாம் நாள் தெருமுனையில் ஒரு சாவு, பறைமேளம், வெடி. சாப்பாடே மாறாமல் இருந்திருந்தாலும் அவனுக்கு வயிறு போயிருக்கும்.

நாய் தத்தெடுப்பவர்கள் மத்தியில் 3-3-3 என்று ஒரு கணக்கு உண்டு. புது இடத்தின் அதிர்ச்சி குறைய 3 நாள், வீட்டின் நடைமுறை பிடிபட 3 வாரம், இது என் வீடு என்று நினைக்க 3 மாதம். தோராயக் கணக்குதான், ஆனாலும் அந்த முதல் 3 நாளில் விருந்தாளிகளை வரவழைத்து நாயைக் காட்டாதீர்கள். ஒரு மூலை, ஒரு பழைய போர்வை, ஒரு கிண்ணம் தண்ணீர். அவனை அவன் போக்கில் விடுங்கள்.

மலத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

முகம் சுளிக்க வேண்டாம். நாய்க்கு வாய் இல்லை, இதுதான் வாய்.

கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, அவசரமாகப் போகிறதா? போன பிறகும் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானா? கண்ணாடி மாதிரி சளி, ஓரத்தில் ஒரு சொட்டு சிவப்பு ரத்தம்? இது பெருங்குடல் எரிச்சல். பயத்தாலும் உணவு மாற்றத்தாலும் வருவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் நாய் துறுதுறுவென்று இருந்து, தண்ணீர் குடித்து, சாப்பாட்டைக் கேட்டால் ஒரு நாள் பொறுக்கலாம்.

இதற்கு மாறாக, ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவைதான், ஆனால் ஒவ்வொரு தடவையும் கொட்டுகிற மாதிரி நிறையத் தண்ணியாகப் போகிறது, வாந்தியும் கூட இருக்கிறது, நாய் மெலிகிறது என்றால் கோளாறு சிறுகுடலில். இதில் உடம்புநீர் வேகமாகப் போய்விடும்.

நிறத்தில் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. தார் மாதிரி கறுத்துப் பிசுபிசுவென்று இருந்தால், இரைப்பையிலோ சிறுகுடலிலோ ரத்தம் கசிந்து செரித்து வருகிறது என்று பொருள். சிவப்பு ஒரு சொட்டைவிட இந்தக் கறுப்பு ஆபத்தானது. (இரும்புச்சத்து டானிக் கொடுத்தாலும் கறுக்கும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.)

ஈறைத் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தை நாய் நன்றாக இருக்கும்போதே தொடங்குங்கள். ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். ஒட்டுகிற மாதிரி காய்ந்திருந்தால், தோள்பட்டைத் தோலைத் தூக்கி விட்டால் கூடாரம் மாதிரி நின்று மெதுவாக இறங்கினால், உடம்பில் தண்ணீர் குறைந்துவிட்டது. ஆனால் எங்கிருந்து வந்தது என்றே தெரியாத தெருநாய், எச்சில் ஒழுகிக்கொண்டு விழுங்க முடியாமல் இருந்தால் வாய்க்குள் கையை விடாதீர்கள். வெறிநோயாகவும் இருக்கலாம். அதை டாக்டர் பார்க்கட்டும்.

முதல் பத்து நாள்

நாயைக் கொடுப்பவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில: இதுவரை என்ன சாப்பிட்டது, எத்தனை வேளை, எவ்வளவு, கடைசியாகப் பூச்சி மருந்து எப்போது, எந்தத் தடுப்பூசி போட்டது. முடிந்தால் அந்தப் பழைய சாப்பாட்டிலேயே நாலைந்து நாளுக்கு ஆகிற அளவு வாங்கிவந்துவிடுங்கள். அது மட்டமான சாப்பாடாக உங்களுக்குத் தோன்றினாலும் சரி. நல்ல சாப்பாட்டுக்கு இன்னும் பத்து வருஷம் இருக்கிறது.

முதல் மூன்று நாலு நாள் பழையது மட்டும். பிறகு மூன்று பங்கு பழையதோடு ஒரு பங்கு புதியது, இரண்டு மூன்று நாள். மலம் உருண்டையாக வந்தால் பாதிக்குப் பாதி. அப்புறம் ஒரு பங்கு பழையது, மூன்று பங்கு புதியது. பிறகு முழுக்கப் புதியது. நடுவில் இளகினால் ஒரு படி பின்னால் வந்து, இரண்டு நாள் அங்கேயே நில்லுங்கள். அவ்வளவுதான் சூட்சுமம். இந்த நாட்களில் பொறை, பிஸ்கட், மெல்லும் குச்சி எதுவும் வேண்டாம். நம் தட்டிலிருந்து ஒரு வாயும் வேண்டாம். எங்கள் வீட்டில் இதைச் சொல்லிச் செல்லுபடியாகவில்லை. கடைசியில் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி, யார் என்ன கொடுத்தாலும் எழுத வேண்டும் என்றேன். எழுத வேண்டும் என்றதும் கொடுப்பது தானாக நின்றது.

தெருவிலிருந்தே நேராக எடுத்துவந்த நாய்க்குப் பழைய சாப்பாடு என்று ஒன்று கிடையாது. டீக்கடை பன், மீன் செதில், பிரியாணி எலும்பு, குப்பைத்தொட்டி. "தெருவுல எதைத் துன்னாலும் செரிச்சுது, வீட்டுக்கு வந்ததும் படுத்துக்குது" என்று பலர் வியக்கிறார்கள். தெருவில் அதற்கு வயிறு போகவில்லை என்று யார் பார்த்தார்கள்? தவிர, தெருவில் கிடைப்பது கொஞ்சம் கொஞ்சம், நாள் முழுக்க அலைந்து தேடியது. வீட்டில் ஒரே வேளையில் தட்டு நிறைய. இப்படிப்பட்ட நாய்க்கு உப்பு, மசாலா இல்லாத கோழியும் சோறும் என்று ஒரு எளிய சாப்பாட்டில் தொடங்கி, வயிறு நின்ற பிறகு நீங்கள் கொடுக்கப்போகும் சாப்பாட்டுக்கு மேலே சொன்ன கணக்கில் மாற்றுங்கள்.

விலா எலும்பும் இடுப்பு எலும்பும் துருத்திக்கொண்டிருக்கும் பட்டினி நாய் என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். பாவம் பார்த்து வயிறு முட்டப் போட்டால், நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று வரும் சாப்பாட்டால் ரத்தத்தில் பாஸ்பேட் போன்ற உப்புகள் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். முதல் நாள் கொஞ்சம், நாலு ஐந்து வேளையாகப் பிரித்து, டாக்டர் சொல்லும் அளவில்.

அள்ளி விழுங்கும் நாய்க்கு ஒரு வீட்டு வழி. இட்லித் தட்டைக் கவிழ்க்காமல் தரையில் வைத்து, குழிகளில் சாப்பாட்டைப் பரப்புங்கள். ஒரே வாயில் அள்ள முடியாது, நக்கி நக்கித்தான் எடுக்க வேண்டும். விழுங்கிய அடுத்த நிமிடமே அப்படியே கக்குவது மணிக்கு இதில் நின்றுபோனது. இட்லிக்கு வேறு தட்டு வாங்கினோம்.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ஒரு நாள் மெட்ரோ வாட்டர், ஒரு நாள் லாரி, ஒரு நாள் கேன். கலங்கலாக வரும் நாளில் நமக்குக் காய்ச்சுவதிலேயே அவனுக்கும் ஒரு பங்கு ஆறவைத்து ஊற்றுங்கள்.

வயிறு போகும் நாளில்

சாதாரணமாக இருக்கும் வளர்ந்த நாய்க்கு, ஒரு நாள் முழுக்கப் பட்டினி போட வேண்டும் என்று முன்பு சொல்வார்கள். இப்போது அந்தப் பேச்சு மாறிவிட்டது. குடல் சுவரின் செல்கள் தங்களுக்கான சத்தில் ஒரு பகுதியைக் குடலுக்குள் வரும் உணவிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன, அதனால் எளிய உணவைச் சீக்கிரம் தொடங்குவதே நல்லது என்பதே இன்றைய பழக்கம். குட்டியைப் பட்டினி போடவே கூடாது. ரத்தச் சர்க்கரை இறங்கித் துவண்டுவிடும். மாமியார் சொன்ன "வவுறு காலியா கெடக்கக் கூடாது" என்பது பாதி சரிதான் என்று பிறகு அவரிடமே ஒப்புக்கொண்டேன்.

தோலும் கொழுப்பும் எலும்பும் எடுத்த கோழி நெஞ்சுக்கறியை வெறும் தண்ணீரில் வேகவையுங்கள். உப்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். சோற்றைக் குழைய விடுங்கள். ரேஷன் அரிசியா பொன்னியா என்று கேட்கிறார்கள். நாய்க்குத் தெரியாது, குழைந்தால் போதும். கறி ஒரு பங்கு என்றால் சோறு இரண்டு, இரண்டரைப் பங்கு. மணி மாதிரி 12 கிலோ நாய்க்கு ஓய்வில் ஒரு நாளைக்குச் சுமார் 450 கலோரி தேவை. வெந்த கோழி 100 கிராமும் வெந்த சோறு 200 முதல் 250 கிராமும் சேர்ந்தால் அந்தக் கணக்கு வந்துவிடும். இதை நாலு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். பார்த்தால் ஒரு கைப்பிடிதான் இருக்கும், மனசு கேட்காது. அந்த மனசைத்தான் அடக்க வேண்டும். வேகவைத்து மசித்த பரங்கிக்காய் ஒரு ஸ்பூன் சேர்த்தால், அதன் நார் குடலில் தண்ணீரைப் பிடித்து மலத்தைக் கெட்டியாக்க உதவும்.

இரண்டு மூன்று நாளில் மலம் உருண்டதும் பழைய சாப்பாட்டுக்கு மெல்லத் திரும்புங்கள். கோழிசோறு பத்தியச் சாப்பாடு, அதையே மாதக்கணக்கில் ஓட்டக் கூடாது. ஏன் என்று கீழே வருகிறேன்.

மாத்திரை விஷயம். மருந்துக்கடைத் தம்பி சொன்னது லோபரமைடு. அது குடல் அசைவை நிறுத்தும். கிருமியையோ நச்சையோ உடம்பு வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்போது கதவைச் சாத்துகிற வேலை அது. கோலி போன்ற மேய்ச்சல் நாய் இனங்களில் ஒரு மரபணுக் குறையால் அந்த மருந்து மூளைக்குள்ளேயே போய்விடும். இப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்கை வீட்டில் மிச்சம் இருக்கிறதே என்று உடைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. சாதாரண வயிற்றுப்போக்கு பெரும்பாலும் ஆன்டிபயாடிக் இல்லாமலே சில நாளில் நின்றுவிடும். அந்த மருந்து குடலின் நல்ல நுண்ணுயிர்களையும் சேர்த்து அழிக்கும். டாக்டர் எழுதினால் மட்டும் கொடுங்கள்.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

இதுவரை சொன்னதெல்லாம் வளர்ந்த, துறுதுறுப்பான நாய்க்கு. குட்டி என்றால் சட்டம் வேறு.

தடுப்பூசி முடியாத குட்டி வாந்தி எடுத்து, சோர்ந்து, சாப்பாட்டை முகர்ந்துகூடப் பார்க்காமல் இருந்தால் கோழிசோறு வேகவைத்துக்கொண்டு நிற்காதீர்கள். பார்வோவாக இருக்கலாம். 1970-களின் கடைசியில் உலகம் முழுக்கப் பரவிய வைரஸ் இது. குடலின் உள்தோலையும் எலும்பு மஜ்ஜையையும் தாக்கும். ரத்தம் கலந்து, ஒருமுறை முகர்ந்தால் மறக்காத நாற்றத்தோடு பேதியாகும். தொற்றிய 3 முதல் 7 நாளில் பெரும்பாலும் அறிகுறி தெரியும், அதாவது காப்பகத்திலோ தெருவிலோ தொற்றியது உங்கள் வீட்டுக்கு வந்த பிறகு வெளிப்படும். பல கிளினிக்குகளில் மலத்தைத் தொட்டுச் சில நிமிடங்களில் பார்க்கும் கிட் இருக்கிறது. டிரிப்ஸ் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, சீக்கிரம் கவனித்தால் பல குட்டிகள் பிழைக்கின்றன. ஒரு நாள் தாமதம் பெரிய தாமதம்.

அந்த வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நாம் வழக்கமாக ஊற்றும் பினாயில் அதை நம்பகமாகக் கொல்லாது. தரையை முதலில் நன்றாகக் கழுவிவிட்டு, பிளீச் திரவம் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். பார்வோவில் ஒரு குட்டி போன வீட்டில், தடுப்பூசி முடிக்காத அடுத்த குட்டியை உடனே கொண்டுவராதீர்கள். தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நாலு வார இடைவெளியில், குறைந்தது 16 வாரம் வரை தொடர வேண்டும். ஒரு ஊசி போட்டாயிற்று என்று தெருவில் இறக்கி விடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தப்பு.

வளர்ந்த நாய்க்கும் இவை வந்தால் அன்றைக்கே போக வேண்டும்: குடித்த தண்ணீரும் தங்காத வாந்தி, ரத்தம் கொட்டுவது, கறுத்த மலம், வெளுத்த ஈறு, உப்பிய வயிறோடு வாந்தி வராமல் ஓங்கரிப்பது. ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்த்தால் சாதாரணமாக 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும். 103-ஐத் தாண்டினால் காய்ச்சல்தான். உண்ணி நிறைய இருந்த நாய் காய்ச்சலோடு சாப்பிடாமல் படுத்தால், மூக்கில் ரத்தம் வந்தால், அது வயிற்று விஷயமே இல்லாமல் உண்ணிக் காய்ச்சலாக இருக்கக்கூடும். ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் எண்ணிக்கை குறைந்திருந்தால் அந்தச் சந்தேகம் வலுக்கும்.

மழைக்காலத்தில் இன்னொன்று. ஐப்பசி கார்த்திகையில் புளியந்தோப்பு, பட்டாளம், வியாசர்பாடி பக்கம் முழங்கால் தண்ணீர் நிற்பது நமக்குப் புதிதில்லை. எலி மூத்திரம் கலந்த அந்தத் தண்ணீரில் லெப்டோஸ்பைரா கிருமி இருக்கும். நாய் அதில் நடந்து, நக்கி, குடித்துத் தொற்றிக்கொள்ளும். வாந்தி, காய்ச்சல், கண் மஞ்சளாவது, மூத்திரம் கறுப்பது. இது நாயிடமிருந்து மனிதருக்கும் வரும். இதற்குத் தடுப்பூசி உண்டு, மழைக்கு முன்னால் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் போகும்போது காலையில் போன மலத்தைக் கொஞ்சம் ஒரு சுத்தமான சின்ன டப்பாவில் எடுத்துப்போங்கள், போனில் படமும் இருக்கட்டும். வேப்பேரியில் இருக்கும், 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வடசென்னைக்காரர்களுக்குக் கூப்பிடு தூரம். கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுவது நல்லது.

பூச்சி

காப்பகத்திலிருந்தோ தெருவிலிருந்தோ வரும் நாய்க்குப் பூச்சி இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உருண்டைப்புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குத் தொற்றிவிடும். கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாகவும், ஈர மண்ணிலிருந்து காலின் தோலைத் துளைத்தும் ஏறும். குடல் சுவரைக் கவ்வி ரத்தம் குடிக்கும். வெளுத்த ஈறோடு சோர்ந்த குட்டியைப் பார்த்தால் இதை நினைக்க வேண்டும். வால் பக்கத்தில் அரிசி மாதிரி வெள்ளையாக ஒட்டி நெளிந்தால் அது நாடாப்புழு. தெள்ளுப்பூச்சியைக் கடித்து விழுங்கும்போது வருவது. மாத்திரை கொடுத்துவிட்டுத் தெள்ளுப்பூச்சியை விட்டுவைத்தால் அடுத்த மாதமே திரும்பும். ஜியார்டியா என்ற ஒற்றைச் செல் உயிரி வேறு இருக்கிறது. இரண்டு நாள் சரியாகி, மறுபடி கொழகொழவென்று நாறிப் போகும். அதற்குச் சாதாரணப் பூச்சி மாத்திரை ஒன்று போதாது, மலப் பரிசோதனை வேண்டும்.

குட்டிகளுக்கு இரண்டு வார வயதிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதா மாதம், வளர்ந்த பிறகு பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து. அளவு எடையைப் பொறுத்தது. மருந்து கொடுத்த மறுநாள் இளகிப் போவதும், புழு விழுவதும் நடக்கும், பதற வேண்டாம். வேப்பிலை, பப்பாளி விதை எல்லாம் சொல்வார்கள். நான் நம்புவதில்லை. வீட்டில் குழந்தை இருந்தால் மலத்தை அன்றன்றே எடுத்துக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், உருண்டைப்புழு முட்டை குழந்தைக்கும் போகும்.

வயிறு நின்ற பிறகு

கோழிசோறை நிரந்தரமாக்கக் கூடாது என்றேன். கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. எலும்பில்லாத கறியும் சோறும் மட்டும் தின்று வளரும் குட்டியின் உடம்பு, தேவைப்படும் கால்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே உருவிக்கொள்ளும். கால் வளைந்து, நடக்க வலித்து, சின்னக் குதியலில் எலும்பு முறியும். வீட்டுச் சாப்பாடுதான் கொடுப்பேன் என்பவர்கள் கால்சியத்தையும் விட்டமினையும் டாக்டரிடம் கணக்குப் போட்டு வாங்கிச் சேர்க்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர்களுக்கு, முழுச் சத்துணவு என்று பையில் போட்டிருக்கும் டிரை ஃபுட் சௌகரியம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மீன் கொடுக்காமல் இருக்க முடியாது. கொடுக்கலாம், வேகவைத்து, முள்ளை எடுத்து, உப்பில்லாமல். கருவாடு வேண்டாம், உப்பு. குழம்பு மீனும் வேண்டாம், அதில் வெங்காயமும் பூண்டும் இருக்கும். இவை இரண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் பொடித்தாலும் அந்தக் குணம் போகாது. விளைவு சில நாள் கழித்துத்தான் தெரியும், அதனால்தான் "எங்க வீட்டு நாய் சாம்பார் துன்னே வளந்துச்சு" என்று சொல்கிறவர்களோடு வாதாட முடிவதில்லை. பிரியாணி எலும்பு இரண்டு விதத்தில் கெடுதல். வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும், கூடவே வரும் கொழுப்பு கணையத்தை வீங்கவைக்கும். முன்னங்காலை நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கிக் கும்பிடுகிற மாதிரி நாய் நின்றால் வயிற்றுவலி என்று எடுத்துக்கொள்ளுங்கள். பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், சாக்லேட் இதயத்தைத் துடிக்கவைக்கும், சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிடால் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கும். இந்த மூன்றும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் மூன்று வாரத்துக்கு மேல் மலம் இளகியே இருந்தால், அது பழக்கக் கோளாறு இல்லை. உணவு ஒவ்வாமை, கணைய நொதிக் குறைவு, குடல் அழற்சி என்று தேட வேண்டிய பட்டியல் வேறு, அதைத் தேட ரத்தமும் மலமும் சோதிக்க வேண்டும்.

மணிக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. ஐந்தாம் நாள் உருண்டையாகப் போனான். மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவரும் குனிந்து பார்த்தார். "நல்லாத்தான் கீது" என்றார். இப்போது காலையும் மாலையும் டிரை ஃபுட், ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் வேகவைத்த மத்தி. மத்தியானம் அவர் சாப்பிட்டு எழும்போது தயிர்சாதத்தில் ஒரு ஸ்பூன் மட்டும், தாளில் எழுதிவிட்டு.